காற்றுப் பிரேக்கும் மருமகனின் வலது காலும்

1

இன்று காலை என் மருமகன் ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு மலை தாண்டப் போயிருக்கிறார். உவமை சொல்லவில்லை. இரண்டு கட்டில், எரிவாயு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை, கதவு சரியாகப் பூட்டாத ஒரு கழிப்பறை, இத்தனையும் உள்ள வீடு. கீழே ஆறு சக்கரங்கள். ஒரு காலத்தில் நகரத்தில் ஓடிக் களைத்த பஸ்ஸை வாங்கி, ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே குடித்தனம் நடத்துவது நியூசிலாந்துக்காரரின் பழக்கம். ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறிவிடுகிறார்கள். நம்மவர்கள் ஓய்வு பெற்றதும் கோயில் பரிபாலன சபையில் ஏறுகிறார்கள். எதில் ஆபத்து அதிகம் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

வண்டியை டௌரங்காவில் உள்ள ஒரு வயோதிகத் தம்பதியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒக்லாந்திலிருந்து அங்கே போக ஒரு மலைத்தொடரை ஏறி இறங்க வேண்டும். ஏறுவது பற்றி எனக்குக் கவலையில்லை. ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறங்கும் வண்டிக்குத்தான் நிற்கத் தெரிய வேண்டும். மருமகன் சிவநேசன் இந்த வண்டியில் தனியாகப் போவது இதுவே முதல் தடவை. திரும்பி வருவது பயணிகள் பஸ்ஸில். அதை ஓட்டுகிறவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பயமும் இல்லை.

போய்ச் சேர்ந்ததும், மதியத்துக்கு முன், தொலைபேசியில் கதைப்பதாகச் சொன்னார். மதியச் சோறு ஆறிவிட்டது. போன வருடம் இதே பள்ளி விடுமுறையில் நாங்கள் எல்லோரும் செத்துப் பிழைத்தோம். அதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பயத்தை என்ன செய்வதென்று தெரியாத அரசாங்க உத்தியோகத்தன் அதைப் பந்தி பந்தியாகப் பிரித்து இலக்கமிடுவான். நானும் அதைத்தான் செய்கிறேன்.

2

என்னை அறியாதவர்களுக்கு: நான் இலங்கையில் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, அவர்கள் வியர்ப்பதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். இப்போது ஒக்லாந்தின் பாபடோயிட்டோயில் மகள் வாசுகியின் வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. மருமகன் சிவநேசன் ஊரில் நில அளவையாளர். இந்த நாட்டில் அளக்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே அளந்துவிட்டார்கள் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், உல்லாசப் பயணிகளுக்கு மோட்டார் வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் வண்டி கழுவும் வேலைக்குப் போனார். வெளிப்புறம் மட்டுமல்ல, பயணிகள் நிரப்பிவிட்டுப் போகும் கழிவுத் தாங்கியையும் அவர்தான் கழுவ வேண்டும். வேலை முடிந்து வந்து நெடுநேரம் குளிப்பார். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

முதலாளி கெவின் இளைஞன், நல்லவன். மழையிலும் அரைக் காற்சட்டையோடு திரிவான். அவன் வாடகைக்கு விடவும் விற்கவும் பழைய ஹவுஸ் பஸ்கள் சிலவற்றை வாங்கினான். "கனரக அனுமதிப்பத்திரம் எடு, ஷிவா. ஓட்டுகிற வேலை உனக்குத்தான். இல்லாவிட்டால் நான் வெளியே ஆள் தேட வேண்டும்" என்றான். அன்று சிவநேசன் குளிக்க முன்பே வந்து எங்களுக்குச் சொன்னார்.

முறைப்படி என்ன தேவை என்று விசாரிக்க நானும் அனுமதிப்பத்திரக் கந்தோருக்குக் கூடப் போனேன். படிவம் நிரப்பும் இடத்துக்கு நான் இல்லாமல் இந்த வீட்டில் ஒருவரும் போவதில்லை. அவர்கள் கூப்பிடுவதில்லை, நான் போய்விடுவேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை 'லவ்' என்று அழைத்தாள். என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில்கூட என்னை அப்படி அழைத்ததில்லை.

"ஹவுஸ் பஸ் என்பது சட்டப்படி வீடா, பஸ்ஸா?" என்று கேட்டேன்.

"காசு வாங்கி ஆட்களை ஏற்றுவீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் எடைதான் கணக்கு, லவ். இந்த எடைக்கு மேலே போனால் கனரக அனுமதி. உள்ளே கட்டில் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை."

"காற்றுப் பிரேக்குக்குத் தனிச் சோதனை?"

அவள் தன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அப்படி ஒன்று இங்கே இல்லையே."

"இருக்க வேண்டும்" என்றேன்.

சிவநேசன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "மாமா, இல்லாத சோதனையைக் கேட்டு வாங்கித் தராதேங்கோ."

கனடாவில் இருக்கும் என் பழைய சக அதிகாரி ஒருவருக்கு இதை எழுதினேன். அங்கே காற்றுப் பிரேக் உள்ள வண்டிக்குத் தனியாகப் படித்து, தனியாகச் சோதனை கொடுத்து, அனுமதிப்பத்திரத்தில் அதற்கென்று ஓர் எழுத்து வாங்க வேண்டுமாம். மோட்டார் வீடு என்றாலும் விலக்கில்லையாம். வாசித்தபோது சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது. இங்கே எழுத்துச் சோதனை என்பது ஓர் அட்டை. சரியான விடையைக் காசால் சுரண்ட வேண்டும், லொத்தர்ச் சீட்டுப் போல. காற்றுப் பற்றி வந்த கேள்விகளையும் சிவநேசன் சரியாகச் சுரண்டினார். பழகுநர் அனுமதி கையில் வந்தது.

3

தனிச் சோதனை ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்த காரில் ஒரு மிதிக்குப் பிடிக்காது. படபடவென்று மூன்று நான்கு தரம் மிதித்தால் பிடிக்கும். பெரிய பஸ்ஸில் எண்ணெய்க்குப் பதில் காற்று. எஞ்சின் ஓடும்போது அது காற்றைத் தாங்கியில் சேர்த்து வைக்கும். மிதித்தால் அந்தக் காற்றுப் போய்ப் பிரேக்கைப் பிடிக்கும். காலை எடுத்தால் 'புஸ்' என்று வெளியே போய்விடும். போனது போனதுதான். மிதித்தபடியே பிடித்திருந்தால் செலவில்லை. படபடவென்று மிதித்தால், எஞ்சின் நிரப்புவதற்கு முன் தாங்கி வெறுமையாகிவிடும். புதிய வண்டிகளில் காற்றுக் குறைந்தால் ஒரு சுருள்வில் தானாகவே சக்கரத்தை இறுக்கும். கெவின் வாங்கிய கிழட்டு வண்டியில் அது கிடையாது. காற்று முடிந்தால் ஒரு கைப்பிரேக்கும் கடவுளும்தான்.

இது சிவநேசனுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது தலைக்கு. பிரேக் இருப்பது காலடியில்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. கார் சொட்டுப் பெற்றோலில் உயிர் பெற்று, மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும். பிரேக் எண்ணெய் என்று ஆமணக்கெண்ணெயோடு எதையோ கலந்து ஊற்றினார்கள். என்ன அது என்று பரிசோதகனாகிய நானே கேட்கவில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று பின்னேரம், படகு ஏறக் கிளாலிக் கரைக்குப் போகும் மணல் றோட்டில், சிவநேசன் எங்களுடைய பழைய ஏ ஃபோர்ட்டி காரை ஓட்டினார். முன்னால் வாசுகி. பின்னால் நானும், என் மடியில் பேத்தி ஆரணியும். எங்களுக்கு முன்னே ஓர் உழவு இயந்திரம், பின்னே இழுக்கும் பெட்டி நிறையப் பெண்களும் பிள்ளைகளுமாகப் போனது. அது சடுதியாக நின்றது.

முதல் மிதியில் பிரேக் அடிவரை போனது. ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. சிவநேசன் கத்தவில்லை. தையல் மெசினை மிதிப்பதுபோல மிதித்தார். கார் நின்றபோது, பெட்டியின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு இருந்த ஒரு மனுசி எங்கள் காரின் முன் பொனற்றில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, "என்ன தம்பி, நீங்களும் இதிலை ஏறப் போறியளோ?" என்று கேட்டார். வாசுகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அன்றைக்கு எத்தனை உயிர் தப்பியது என்று அந்தக் காலுக்குத் தெரியும். அதன்பிறகு அது வேறெவர் சொல்லையும் கேட்கவில்லை. இங்கே நல்ல பிரேக் உள்ள காரிலும், சிவப்பு விளக்கைக் கண்டால் மூன்று தரம் மிதிக்கும். பின்னால் இருக்கும் நாங்கள் தலையாட்டிப் பொம்மைகளாவோம். "டாட், யூ ஆர் மேக்கிங் மீ சிக்" என்பாள் ஆரணி. அவளுக்கு அந்த மணல் றோட்டு நினைவில்லை. சொன்னால் கேட்பாள், பிறகு தொலைக்காட்சியைப் போடுவாள். சிவநேசன் ஆங்கிலம் பழகினார், வரி கட்டப் பழகினார், பாலாடைக்கட்டி தின்னவும் பழகினார். வலது கால் மட்டும் இன்னும் கிளாலி றோட்டில்தான் இருந்தது. அத்தோடு, யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் அது ஒரு மதகு.

4

போன வருட விடுமுறையில் கெவின் சொன்னான்: "குடும்பத்தையும் கூட்டி வா. பிஹா கடற்கரைக்குப் போவோம். உனக்குப் பயிற்சி, பிள்ளைக்குக் கடல்." பிஹா மேற்குக் கரையில் உள்ளது. போகும் வழி மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். பழகுநர் ஓட்டும்போது ஆட்களை ஏற்றலாமா என்று கேட்டேன். "நான்தான் பக்கத்தில் இருக்கிறேனே. ஷீல் பி ரைட்" என்றான். எல்லாம் சரிவரும் என்பதற்கு இந்த நாட்டவர் வைத்திருக்கும் வசனம் அது. ஒருவர் ஒன்றையும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது.

வாசுகி இடியப்பமும் சம்பலும் கட்டி, சொதிச் சட்டியைத் தன் இரண்டு பாதங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், சாரதிக்கு நேர் பின்னால். அங்கிருந்து காற்றின் அளவைக் காட்டும் ஊசி தெரியும் என்பதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தேன். ஆரணி காதில் வோக்மன் செருகிக்கொண்டு மற்றக் கட்டிலில் படுத்திருந்தாள்.

மலை உச்சியில் கெவின், "இரண்டாம் கியரில் இறங்கு" என்றான். இரண்டாம் கியரில் எஞ்சின் போட்ட கூச்சல் சிவநேசனுக்குப் பிடிக்கவில்லை. வண்டிக்கு நோகிறது என்று நினைத்தாரோ என்னவோ, மூன்றாம் கியருக்கு மாற்றினார். சொதிச் சட்டி மெல்ல முன்னே வழுக்கியது. முதல் வளைவு. புஸ், புஸ், புஸ். ஊசி இறங்கியது. கெவின் யன்னல் பக்கம் திரும்பி, மரங்களுக்கிடையே தெரிந்த கடலை எங்களுக்குக் காட்டினான். இரண்டாவது வளைவு. புஸ், புஸ், புஸ், புஸ். ஊசி ஏறவில்லை. ஏற நேரம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் மண்சுவர். மறுபக்கம் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. அவற்றின் அடி எங்கேயோ கீழே இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். வந்தது கையேட்டு வசனம், அதுவும் ஆங்கிலத்தில்: ஒரே சீரான அழுத்தத்தைப் பிரயோகித்து, அதனைத் தொடர்ந்து பேணியவாறு, பொருத்தமான தாழ்ந்த கியரைத் தெரிவு செய்யவும். முற்றுப்புள்ளி வரை சொன்னேன். அதற்குள் இன்னொரு வளைவு போய்விட்டது.

"என்ன மாமா சொல்லுறியள்?" என்று சிவநேசன் தலையைத் திருப்பினார்.

"முன்னுக்குப் பாரும்!"

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. காற்று ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் அடிக்கும் எச்சரிக்கை. பெரிய நுளம்பு ஒன்று காதுக்குள் போய் ரீங்காரமிட்டதுபோல, நிற்காமல். அதைக் கேட்டதும் சிவநேசனின் கால் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தது. தையல் மெசின். ஒவ்வொரு மிதிக்கும் எங்கள் உயிரில் ஒரு துண்டு வெளியே போவதை நான் ஊசியில் பார்த்தேன். வாசுகியின் தோளை இறுக்கிப் பிடித்தேன். "கால்" என்றேன். "எடுக்க... எடுக்க வேண்டாமெண்டு..."

அவளுக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் புருசனிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

"இஞ்சருங்கோ! மிதிச்ச காலை எடுக்காதேங்கோ! எடுக்காதேங்கோ! அப்பிடியே பிடியுங்கோ!"

கால் நின்றது. பிடித்தது. மிச்சமிருந்த காற்று முழுவதும் சக்கரங்களைப் போய் இறுக்க, வண்டி முனகியது. கெவின் பாய்ந்து கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். கருகிய மணம். இடப்பக்கம் சரளைக் கல் போட்ட ஒதுக்கிடம் ஒன்று வந்தது. வண்டி அதற்குள் இறங்கி, மண்சுவரில் உரசி, பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நின்றது. சொதி முழுவதும் என் சப்பாத்தில்.

ஆரணி வோக்மனைக் கழற்றினாள். "ஆர் வி தேர் யெட்?" என்று கேட்டாள்.

கெவின், "ஷீல்..." என்று தொடங்கி, மீதியை விழுங்கினான். சக்கரங்களுக்குக் கல் வைக்க இறங்கிப் போனான். சிவநேசனின் வலது கால் பிரேக்கின் மேல் விறைத்து நின்றது. எடுக்கச் சொன்னாலும் எடுக்க முடியவில்லை. வாசுகி முழந்தாளிட்டு அவருடைய தொடையைத் தேய்த்துவிட்டாள். எஞ்சினை ஓடவிட்டு, ஊசி ஏறி, அந்த நுளம்பு வாயை மூடும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம். மீதி மலையைக் கெவின் இறக்கினான். ஒருவரும் கடலில் கால் நனைக்கவில்லை.

5

அந்த வாரக் கடைசியில் சிவநேசனுக்குச் செய்முறைச் சோதனை. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டார்: "மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் சோதிச்சா எனக்குப் பாஸ் தருவியளோ?"

"தரமாட்டன்."

"அப்பா!" வாசுகி அகப்பையைப் போட்டாள். "உங்களுக்கு வாயிலை நல்லதே வராதோ? நாலு வருசமாய் மற்றவையின்ரை கக்கூசு கழுவுறார் இவர். தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை. கழுவுறவர் உயிரோடை வீட்டை வாறார்."

நான் சொன்னது சரி. சரியாக இருந்ததால் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. சிவநேசன் எழுந்து கை கழுவிவிட்டு, கெவினுக்குத் தொலைபேசி எடுத்துச் சோதனையைத் தள்ளி வைக்கச் சொன்னார். கெவினுக்கு மனமில்லை. அதிக நாள் காத்திருக்க முடியாது என்றான்.

அதன்பிறகு வேலை முடிந்ததும் அவர் தனியாகப் போய், நிறுத்தி வைத்த பஸ்ஸுக்குள் இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிப்பார். மிதித்துப் பிடிப்பார், ஊசியைப் பார்ப்பார், மெல்ல விடுவார். காரில் போகும்போது வாசுகியின் கை அவருடைய முழங்காலில் இருக்கும். கால் இரண்டாம் தரம் எழும்பினால் ஒரு கிள்ளு. "வாட் ஆர் யூ டூ டூயிங்?" என்பாள் ஆரணி, அருவருப்போடு. தன் தாய் தகப்பன் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். நல்லதாகப் போயிற்று. நான் எதுவும் கற்பிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் வியர்க்கும் என்று எனக்குத் தெரியும்.

சோதனையில் சித்தியடைந்தார். "சோதிச்சவர் எந்த இறக்கத்திலை கொண்டு போனவர்?" என்று கேட்டேன்.

"இறக்கமோ? மேம்பாலம் ஒண்டு ஏறி இறங்கினது மாமா. கை குடுத்து, நல்லா ஓடுறாய் எண்டு சொன்னார்."

அன்று வீட்டில் கேசரி. நானும் தின்றேன். சட்டம் திருப்தியடைந்துவிட்டது. சட்டம் அந்த மலையில் எங்களோடு இருக்கவில்லை.

6

இதை எழுதிக்கொண்டிருக்கையில் வானொலியில் போக்குவரத்துச் செய்தி சொன்னார்கள். மலைப்பாதையில் ஒரு கனரக வாகனம் விபத்துக்குள்ளாகிப் பாதை மறிபட்டிருக்கிறதாம். கனரக வாகனம் என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்று இந்த ஊரில் என்னைவிடத் துல்லியமாக அறிந்தவர் இல்லை. எடைதான் கணக்கு. கட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

வாசுகி வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அப்பா, இவர் எடுத்தவரோ?"

"இன்னும் இல்லை."

"றேடியோ கேட்டனீங்களோ?"

"இல்லை, பிள்ளை. போடேல்லை."

"அப்ப சரி" என்றாள். அவளும் கேட்டிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லி முடித்துவிட்டு, தொலைபேசியை விடுவித்தோம். நான் அதன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளிக்கிட முன் டயர் பார்த்தாரா, காற்றுத் தாங்கியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டாரா, கேட்டேனா, கேட்கவில்லையா? கேட்டிருப்பேன். கேட்காமல் விட்டதாக எனக்கு வரலாறு இல்லை. அப்படியிருந்தும் கை ஈரமாக இருந்தது.

மணி அடித்தது.

"மாமா, நான் சேர்ந்திட்டன்."

"எங்கை நிண்டு கதைக்கிறீர்?"

"அந்தக் கிழவன் வீட்டிலை. தேத்தண்ணி போடுகினம். மலையிலை லொறி ஒண்டு குறுக்கை சரிஞ்சு போச்சுது மாமா. சாரதிக்கு ஒண்டுமில்லை. எங்களை இறக்கத்திலை ஒற்றை வரிசையிலை விட்டவங்கள். நிக்கிறதும் போறதும், நிக்கிறதும் போறதும்."

இறக்கத்தில் நின்று நின்று போவதைவிட வேகமாகக் காற்றைச் செலவழிக்க வழியில்லை. அந்த வரிசையைக் கண் முன்னே பார்த்தேன்.

"ஊசி?"

"அரைவாசிக்குக் கீழை போகவிடேல்லை. முதலாம் கியரிலை விட்டு, முன்னுக்கு நிறைய இடம் விட்டு வந்தன். பின்னாலை வந்தவன் ஹோர்ன் அடிச்சபடி."

"அடிக்கட்டும். கால்?"

"ஒரு இடத்திலை ரெண்டு தரம் தானாய் மிதிச்சிட்டுது மாமா. மூண்டாவதுக்குத் தூக்கேக்கைதான் எனக்குத் தெரிஞ்சுது. அப்பிடியே அமத்திப் பிடிச்சிட்டன்."

ஒருக்காலும் மிதிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு வருடம் இந்தக் கதிரையில் பயந்தபடி உட்கார்ந்திருப்பேன்.

"இப்ப நடுங்குதோ?"

"ஓம் மாமா. கொஞ்சம்."

"நல்லது" என்றேன். "நடுங்கி முடியட்டும். பிறகு தேத்தண்ணியைக் குடியும்."